சீசாவில் ஒட்டிய முகம்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மாட்டுக் கயிறு பிடித்த கை இது, பேனா பிடித்தால் வழுக்குகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. எங்கே சின்ன ர போடுவது, எங்கே பெரிய ற போடுவது என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். தப்பு கண்ணில் பட்டால் படிக்கிறவர்கள் மனசுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும்.

பூந்தமல்லிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்துக் கடையில் ஒரு சிவப்பு மருந்து விற்கிறார்கள். சீசாவின் மேல் ஒருவருடைய முகம் அச்சடித்திருக்கும். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் குழாய். கீழே, "நல்ல தூக்கம் தரும், மூளைச் சூட்டைத் தணிக்கும்" என்று இருக்கும். போன வாரம் உமி மூட்டை இறக்கப் போனபோது ஒரு அம்மா அந்தச் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவரு யாருங்க?" என்று கேட்டாள்.

"சீமையில படிச்ச டாக்டரும்மா. இப்பக்கூட லண்டன்லதான் கீறாரு" என்றார் கடைக்காரர்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. வீட்டுக்கு வந்து என் தங்கையிடம் சொன்னேன். "வாயால சொல்ல வரலன்னா எழுதி வையேண்ணா" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருக்கிறவர் லண்டனைப் பார்த்ததில்லை. அவருக்குக் கண்ணாடியும் கிடையாது, அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றபடியே தூரத்தில் வருவது கூட்ஸா பாசஞ்சரா என்று சொல்லிவிடுவார். குட்டையான ஆள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கம்பெனி கொடுத்த கறுப்புக் கோட்டை எந்த வெயிலிலும் கழற்றமாட்டார், அதன் பையில் எப்போதும் வேர்க்கடலை. தின்ற தோலை வெளியே போடாமல் அதே பையில் போட்டுக்கொள்வார். மழைக்காலத்தில் அந்தக் கோட்டிலிருந்து வேகவைத்த கடலை வாசனை வரும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அவரை மருந்துக்காரர் என்றுதான் சொல்லுவார்கள்.

பட்டணத்தில் ஒரு மருந்துக் கம்பெனி. அங்கிருந்து ரயிலில் மரப்பெட்டிகள் அம்பத்தூருக்கு வரும். நான் அவற்றை என் ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொள்வேன். மருந்துக்காரரும் ஏறிக்கொள்வார். திருவேற்காடு, பூந்தமல்லி, திருமழிசை என்று சந்தை கூடுகிற இடமெல்லாம் போவோம். சந்தைக்கு வேறு மருந்து விற்கிறவர்களும் வருவார்கள். ஒருவன் தமுக்கு அடிப்பான். ஒருவன் பாம்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வான். கிராமபோன் பெட்டி வைத்துப் பாட்டுப் போடுகிற ஒருவனும் உண்டு. எங்கள் மருந்துக்காரர் ஒரு சத்தமும் போடமாட்டார். வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்து ஒரு சீசாவை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

யாராவது தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள்.

"இன்னா வெல?"

"வெல கெடக்குது. மருந்து குளிர்ந்து போய்க் கீது. கையில வெச்சிச் சூடு பண்ணாத்தான் வேலை செய்யும். அதுவரைக்கும் குந்து. தூக்கம் எப்பத்திலேருந்து வரல?"

சூடு பண்ணுவது என்பது பொய். ஸ்டேஷனிலிருந்து வெயிலிலேயே வந்த பெட்டி, சீசா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் இதை நான் கேட்டேன். அவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

"வெறுங்கையோட ஒருத்தன் எதிர்ல குந்திக்கினு, உன் கஷ்டத்தைச் சொல்லுன்னா எவன் நைனா சொல்லுவான்? சீசா இருந்திச்சின்னா அவன் மருந்து வாங்க வந்தவன். இல்லன்னா அழ வந்தவன் ஆயிடுவான். ஆம்பளைக்கு அது ஆவாது" என்றார்.

எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் சீசாவின் மூடியில் கை வைக்கமாட்டார். முகத்தையும் பார்க்கமாட்டார், சீசாவைத்தான் பார்ப்பார். "ஐயோ பாவம்" என்று ஒரு தடவைகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. புத்தி சொன்னதும் இல்லை. வாயில் கடலை இருந்தால் மெல்லாமல் அப்படியே ஒதுக்கிக்கொள்வார். பேச்சு நின்றுபோனால் அவர்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தையை மட்டும் மெதுவாகத் திருப்பிச் சொல்லுவார். அது போதும், மறுபடியும் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அது விளங்கவே இல்லை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நகர்ந்து போய்விடுவேன். ஆனாலும் காதில் விழும்.

ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். ஆள் ஆறடி. கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தது. அவர் கேட்டுக்கு எதிரிலேயே ஒரு பெண்பிள்ளை தண்டவாளத்தில் தலை வைத்துவிட்டாள் என்று ஊரே அறியும். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"சீசாவைக் குடுய்யா, போவணும். டூட்டி கீது" என்று நின்றபடியே கேட்டார்.

"குடுக்கறேன். கொடியை எந்தக் கையில புடிப்ப?"

"சோத்துக் கையிலதான். ஏன்?"

"சோத்துக் கையில" என்றார் மருந்துக்காரர்.

கேட்காரர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, "அன்னிக்கும் இதே கைதான்யா. பச்சைக் கொடி. இந்தக் கையாலதான் சோறு துன்றேன்" என்றார்.

அடுத்தடுத்த சந்தைகளுக்கும் வந்தார். ஒவ்வொரு தடவையும் சூடு பண்ணுகிற வேலை நடந்தது. கடைசியில் ஒருநாள் தோளில் பூசணிக்காயோடு வந்து நின்றார். "தூங்கறேன்யா. மருந்து வாணாம். தோட்டத்துல காச்சது, எடுத்துக்கோ."

அவர் போனதும் மருந்துக்காரர் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "சீசா எங்கடான்னு கம்பெனியில கேட்டா இதைத்தான் நைனா காட்டணும்."

இப்படிப்பட்டவை பல நடந்தபோது சுற்றுப்பட்டு ஊர்களில் அவருக்குக் கைராசி என்று பேச்சு வந்தது. மருந்து யார் கையால் வேண்டுமானாலும் விற்கலாம், இவர் கையில் வாங்கினால்தான் பலிக்கும் என்றார்கள். உள்ளங்கைச் சூட்டோடு என்னவோ மருந்துக்குள் இறங்குகிறது என்று நம்பினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். அவர் வேதக்காரர், கிறிஸ்துவர். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறமாட்டார். "கைராசின்னா அது கடவுளுக்குப் போவணும், எனக்கு வந்து சேரக் கூடாது" என்பார்.

அவரிடம் வந்த எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். திருமழிசைப் பக்கத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் வருவார். மணிக்கணக்காகப் பேசுவார். பேசிவிட்டுப் போகும்போது சிரித்துக்கொண்டு போவார். ஒரு சந்தையில் அவரைக் காணோம், கிணற்றில் விழுந்துவிட்டார் என்றார்கள். அன்று திரும்பி வரும்போது மருந்துக்காரர் கோட்டுப் பையிலிருந்த தோலையெல்லாம் வழி நெடுகக் கொட்டிக்கொண்டே வந்தார். "பேச்சு அவருக்கு எட்டல" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. திருவேற்காட்டில் வலிப்பு வருகிற ஒரு பெண் குழந்தை. அதற்கு இந்தச் சிவப்பு மருந்துதான் கேட்டது. வலிப்பு குறைந்து குழந்தை எழுந்து ஓடியாட ஆரம்பித்தது. அங்கே மட்டும் அவர் சூடு பண்ணுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை, சீசாவைத் தாயிடம் கொடுத்து எத்தனை சொட்டு என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். குழந்தை போன பிறகுதான் முன்னால் வருவார். ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்குத்தான் இருந்தது, எனக்கு இல்லை. அவரிடம் அவரைப் பற்றிக் கேட்டவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

என் தங்கை கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிறந்த முதல் குழந்தை தாய்ப்பால் மறக்காத வயதில் ஜுரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை, பேசவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை. புருஷன் வீட்டில் ஒரு வாரத்துக்குள்ளேயே கொண்டுவந்து எங்கள் பாரிவாக்கம் வீட்டில் விட்டுவிட்டார்கள். அவள் மாமனார் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "வர்ற ஆடிக்குள்ள சரியாச்சின்னா கூட்டிக்கினு போறோம். இல்லன்னா சங்கிலி போட்டு வெக்கிற எடம் ஒன்னு கீது, அங்க தள்ளிடுங்க. என் புள்ளைக்கு நான் வேற பொண்ணு பார்க்கணும்."

சங்கிலி என்ற சொல் அவள் காதிலும் விழுந்தது.

மருந்துக்காரரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவர் ஒரு சீசாவை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எட்ட உட்கார்ந்தார். பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு பேச்சும் இல்லை. எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அதே மாதிரி. அதற்கடுத்த வாரமும் அப்படியே. என் சம்சாரம் அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள்.

"மருந்து விக்க வந்தவரா, அடைகாக்க வந்தவரா? முட்டைன்னாலும் இந்நேரம் பொரிச்சிருக்கும்."

அவர் காதில் அது விழுந்தது. "பொரிக்கும்மா, பொரிக்கும். கோழிதான் கெழம்" என்றார். அப்போது கன்னியம்மா உதட்டில் லேசாக ஒரு அசைவு வந்ததை நான் பார்த்தேன்.

ஒரு மாசி மாதத்து மத்தியானம் அவளாகவே பேசினாள். சுவரைப் பார்த்தபடிதான். "பாலு கட்டிக்கினு வலிச்சிது. புள்ளையத் தூக்கிக்கினு போயிட்டாங்க, பாலு மட்டும் வந்துகினே இருந்திச்சி. யாராண்ட சொல்றது? சுவத்துல பீச்சினேன்."

"சுவத்துல" என்றார் அவர்.

"தோ, இந்தச் சுவத்துலதான்" என்று அவள் கையை வைத்துக் காட்டினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். குழந்தை போன நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. என் சம்சாரம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மருந்துக்காரர் சீசாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னும் நெறைய கீது. அடுத்த வாரம் வரேன்" என்றார்.

அன்று ராத்திரி அவள் தூங்கினாள். பங்குனியில் வாசல் தெளித்தாள். சித்திரையில், புருஷன் எப்படி இருக்கிறான் என்று என்னிடம் கேட்டாள். ஆடிக்குள் எழுந்துவிடுவாள் என்று எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

சித்திரைக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஏஜெண்டு பூந்தமல்லிச் சந்தைக்கு மோட்டாரில் வந்தார். வெள்ளை உடுப்பு, வாயில் வெற்றிலை. வண்டியருகே நிழலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். அவர் கேட்டதையும் இவர் சொன்னதையும் நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"உம்மைக் கம்பெனியில் எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம் எங்களுக்குப் புரியவில்லை. ஆவடி லைனுக்கு ஆளே அனுப்பவில்லை, கடையில் வைத்ததோடு சரி. அங்கே மாதா மாதம் சரக்கு போகிறது. நீர் நடையாய் நடக்கிற ஊர்களில் முதலில் போகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. ஏன்?"

"தூங்கிட்டாங்க ஐயா" என்றார் மருந்துக்காரர்.

"யார் தூங்கிவிட்டார்கள்?"

"வாங்கனவங்க. தூக்கம் வந்துட்டா அப்புறம் வாங்கறது இல்ல."

ஏஜெண்டு சிரித்தார். கூட வந்த டிரைவரும் சிரித்தார். "ஆவடியில தூங்கறாங்களான்னு யாராவது கேட்டீங்களா ஐயா?" என்று மருந்துக்காரர் கேட்டார். அவர் எதிர்க்கேள்வி கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அதை எதற்குக் கேட்க வேண்டும்? வாங்குகிறார்களே, அதுவே பதில்" என்றார் ஏஜெண்டு. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உமக்குக் கைராசி என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அதை வீணாக்கக் கூடாது. உம் முகத்தைச் சீசாவில் போட்டுவிடுகிறோம். நீர் ஒரு ஊருக்கு ஒரு தடவை போகிறீர். சீசா எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்விடும். வயதான காலத்தில் உமக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார்.

"மூஞ்சிதானே. போனாப் போவுது, போட்டுக்கோங்க. பேரு மட்டும் வாணாங்க, அது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார் இவர்.

நான் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். அந்த ஒன்றைத்தான் அவர் கொடுக்கமாட்டேன் என்று சொன்னார்.

வண்டியில் திரும்பும்போது, "கன்னியம்மாக்கு இன்னும் பேச்சு பாக்கி கீது. பட்டணத்துக்கு வரச் சொல்லிக் கீறாங்க, முதலாளியக் கேட்டுட்டு வந்துடறேன், பயப்பட வாணாம்னு சொல்லு" என்றார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மரப்பெட்டி மட்டும் வந்தது. திறந்தால் எல்லாச் சீசாவிலும் அவர் முகம். யாருடைய கண்ணாடியையோ மாட்டிவிட்டிருந்தார்கள். உடைந்த பல் தெரியாமல் வாயை மூட வைத்திருந்தார்கள். சந்தையில் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாங்கினார்கள். அவர் கை பட்ட மருந்து கிடைக்காவிட்டாலும் முகம் பட்ட மருந்து கிடைத்ததே என்று சந்தோஷம். சில வீடுகளில் சீசாவை மாடத்தில் வைத்து அவர் நெற்றியில் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

நானும் ஒன்று கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்தேன். அவள் படத்தையே பார்த்தாள். "அவரு வரலியா?" என்றாள். "இனிமே இதான் வருமாம்" என்றேன். அவள் சீசாவை உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கவே இல்லை. தினமும் அப்படி உட்கார்ந்து அந்தப் படத்தோடு வாய்க்குள் ஏதோ பேசுவாள். சில நாள் அழுவாள். படம் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லாது அல்லவா, பாதியில் நின்றுவிடும். அடுத்த சீசா கொண்டுபோனால் அதையும் அப்படியே வைத்துக்கொள்வாள். மாடத்தில் திறக்காத சீசாக்கள் வரிசையாக நின்றன.

ஆடி வந்தது. அவள் மாமனார் வந்து பார்த்தார். அவர் வந்த நேரம் அவள் சீசாவோடு பேசிக்கொண்டிருந்தாள். வாசற்படி ஏறாமலே திரும்பிவிட்டார். ஆவணியில் அவள் புருஷனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. சங்கிலி போட நான் விடவில்லை. அவள் எங்களோடேயே இருந்துவிட்டாள். வேலை செய்வாள், மாட்டைப் பார்த்துக்கொள்வாள், பாதி ராத்திரி தூங்குவாள். பாதிக்குத்தான் பேச்சு நடந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பட்டணத்தில் அவரைப் பார்த்தேன். காலிச் சீசா மூட்டை கொண்டுபோயிருந்தேன். ஓட்டுக் கொட்டகைக்குள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர். எதிரில் பசைக் கிண்ணம். தன் முகத்தை எடுப்பார், பின்புறம் பசை தடவுவார், சீசாவில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் கன்னத்தை நீவிவிடுவார்.

"எப்பிடி கீறீங்க?" என்றேன்.

"என் மூஞ்சியப் பார்த்துக்கினே கீறேன் நைனா. வேற எவன் மூஞ்சியும் பார்க்க முடியல." கன்னியம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டே கால் பக்கத்திலிருந்து வாய் உடைந்த ஒரு சீசாவை எடுத்து, மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார்.

"தூக்கம் வரல. உடைஞ்சது விக்க ஆவாது, எங்களுக்குத்தான்" என்றார்.

அவர் செய்கிற மாதிரி நானும் ஒரு சீசாவை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "எப்பத்திலேருந்து?" என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "நீயுமா நைனா? உனக்கு அந்தக் கை வராது. மேஸ்திரி பார்க்கறான், போ" என்றார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது ரயிலும் ரோடும் ஜனங்களால் நிரம்பின. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. கம்பெனிக் கொட்டகையையும் பூட்டிவிட்டார்களாம். ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் ஒருவர் வந்து தள்ளாடி நின்றார். முகமெல்லாம் சீழ்க் கொப்புளம். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கள் குடித்தவர் என்று நினைத்து என் சம்சாரம் கதவைச் சாத்தப் போனாள். கன்னியம்மாதான், "அந்தக் கோட்டு" என்றாள். மருந்துக்காரர்தான், அந்தச் சிவப்பு மருந்தே அவரை அப்படி ஆக்கியிருந்தது.

உள்ளே வந்ததும் அவர் கண் மாடத்துக்குப் போயிற்று. "இத்தினி கீதே" என்று கையை நீட்டினார்.

கன்னியம்மா ஒரு சீசாவை எடுத்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. கைக்குள் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "குளிர்ந்து கீது அண்ணாத்தே. சூடு ஆவட்டும். அதுவரைக்கும் சொல்லு."

அவருக்குப் புரிந்துவிட்டது. உடைந்த பல் தெரியச் சிரித்தார். பிறகு அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் தோளுக்கு ஏறியது. "குடும்மா, தாங்கல" என்றார். அவள் கொடுத்துவிட்டாள்.

அதுதான் தினமும் நடந்தது. அவள் சூடு பண்ணுவாள். அவர் வாயைத் திறப்பார், மூடுவார். கடைசியில் மருந்துக்குக் கை நீட்டுவார். குடித்தால் வாய் பிளந்தபடி தூங்குவார். மாடத்தில் வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவரை வண்டியில் உட்கார வைத்துப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போனேன். மருந்துக் கடை முன்னால் இறங்கி நின்று, சீசாவைக் காட்டி, "இது நான்தான். ஒன்னு குடுங்க" என்றார்.

கடையில் இருந்தவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அப்பிடியா? அப்ப நான் யாரு தெரியுமா? நான்தான் கவர்னரு. போ நைனா, போய் மூஞ்சியக் கழுவு" என்றான். கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். "அவர்தான்" என்று நான் சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

கடைசிச் சீசாவைக் கன்னியம்மா எடுத்த நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மத்தியானமே இருட்டிக் கிடந்தது. அவருக்கு ஜுரம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீசாவைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு ஒரு பொண்ணு" என்றார் அவர். பேச்சு தெளிவாக இருந்தது.

"பொண்ணு" என்றாள் கன்னியம்மா. அவர் திருப்பிச் சொல்லுவாரே, அதே மாதிரி.

அவர் வாயைத் திறந்தார். தோளில் மறுபடியும் அந்த நடுக்கம் ஏறியது. என் சம்சாரம் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் கன்னியம்மாவின் கையைப் பார்த்தார், அதிலிருந்த சீசாவைப் பார்த்தார், கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டி, கொடுக்கமாட்டேன் என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "குடு தாயே" என்றார். அவள் மூடியைத் திறந்து அவர் வாயில் ஊற்றினாள்.

அவர் மறுபடி கண் விழிக்கவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார்.

பூந்தமல்லியில் வேதக்காரர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய உபதேசியார் ஒருவர் உதவினார். பெயர் கேட்டார், நான் காதோடு சொன்னேன். "சொந்தக்காரங்க உண்டா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு" என்றாள் கன்னியம்மா.

"எங்க கீது? உயிரோட கீதா?"

எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வலிப்பில் போனாளா, கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாளா, கோபித்துக்கொண்டு போனாளா, ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பார் என்று கன்னியம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அவருக்கு நடுக்கம் வந்ததை நானும் பார்த்தேன், பொறுத்திருக்க முடியாது என்று நான் சொல்கிறேன். அவள் கேட்பதில்லை. அந்தக் காலிச் சீசாவைக் கழுவி மாடத்தில் வைத்திருக்கிறாள்.

கம்பெனியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். மருந்து முன்னைவிட நன்றாக விற்கிறதாம். கல்கத்தா வரைக்கும், ரங்கூன் வரைக்கும் அந்த முகம் போவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அத்தனை தூரம் போகிற முகம் அந்தப் பெண் கண்ணிலும் ஒருநாள் படலாம். பட்டால் தெரிந்துகொள்ளட்டும்: கண்ணாடியும் குழாயும் மற்றவர்கள் மாட்டிவிட்டவை. உதட்டை மூடியிருக்கிறார், உள்ளே முன்பல் பாதி உடைந்திருக்கும். கடைசியாக அவர் தெளிவாகப் பேசியது அவளைப் பற்றித்தான். பாரிவாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் வண்டிக்காரர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கன்னியம்மா இருப்பாள். அவள் கேட்டுக்கொள்வாள்.

விய வருஷம், தை மாதம் மூன்றாம் தேதி. மாட்டுக்கு இன்று ஓய்வு, வண்டி பூட்டவில்லை.